சபைக் கூடத்துக் குலுக்கல்

மார்ச் 3, ஞாயிறு
ஆராதனை முடிந்து கீழ்க்கூடத்தில் விருந்து. வெர்லீன் மக்ரோனி பரிமாறிக்கொண்டிருந்தாள். கீழே விழுந்த கரண்டியை எடுக்க ஹாயிட் குனிந்தான். இடுப்பில் செருகியிருந்த அவன் அப்பாவின் பழைய கைத்துப்பாக்கி நழுவித் தரையில் விழுந்து வெடித்தது. குண்டு வெர்லீனின் முழங்காலில். என் மேலங்கியைச் சுருட்டிக் காயத்தின்மேல் அழுத்திப் பிடித்தேன். வெர்லீன், நான் பாடம் நடத்திய காலம் முழுக்க எங்கள் பள்ளியில் சமைத்தவள். ஓய்வுக்குப் பிறகும் என் ஒரே தோழி. "மக்ரோனி எல்லாம் போச்சேடி" என்றாள்.

மார்ச் 5
செயற்கை மூட்டு வைத்தால் நடப்பாளாம். காப்பீடு பாதிகூடத் தராது. ஹாயிட் பூங்கொத்தோடு வந்து தேம்பித் தேம்பி அழுதான். என்னிடம் இரண்டாம் வகுப்பு படித்தவன், இப்போது சபை மூப்பர். பொய் அழுகை இல்லை. ஆனால் அழும்போதும் இடுப்பில் வேறொரு துப்பாக்கி. வேறொன்று!

மார்ச் 10, ஞாயிறு
வட்டாரக் காவல் தலைவரான ஷெரிப் "விபத்து" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். பாஸ்டர் ஜெபத்திலும் "அந்த விபத்து". ஆலங்கட்டி மழையா, தானாக வந்து விழ?

மார்ச் 20, புதன்
சபைக் கூட்டம். நான் கேட்டது ஒன்றுதான்: துப்பாக்கியைக் காரிலேயே வைத்துவிட்டு வரும்படி வாசலில் ஒரு பலகை.

"சின்ன வயசுல கத்தரிக்கோலோட என் வகுப்புல ஓடுவீங்க. உங்க காலையா கட்டிப் போட்டேன்? கத்தரிக்கோலத்தானே வாங்கி வச்சேன்?"

"டீச்சர், இது அரசியல் சட்டம் எனக்குக் குடுத்த உரிமை. கத்தரிக்கோலுக்கு அப்படி யாரும் எழுதி வைக்கல" என்றான் ஹாயிட். கூடமே சிரித்தது.

"முழங்காலோட இருக்கிற உரிமை வெர்லீனுக்குக் கிடையாதா?"

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "இந்த டென்னசி மண்ணுல பொறந்துட்டு பேசற பேச்சா இது?"

"சரி டீச்சர், ஒரு கிறுக்கன் துப்பாக்கியோட உள்ள வந்துட்டா?"

"வந்தது நீதானே, ஹாயிட்."

சிரிப்பு நின்றது. ஆனாலும் என் பக்கம் உயர்ந்தவை மூன்று கைகள். அதில் ஒன்று, காது கேளாத ஆர்வின் எதற்கென்று தெரியாமல் தூக்கியது.

அடுத்த தீர்மானம், வெர்லீனின் சிகிச்சைக்குப் பணம் திரட்டக் குலுக்கல். பரிசு — ஹாயிட்டின் துப்பாக்கிக் கடையிலிருந்து புது ரைஃபிள். எல்லாரும் "ஆமென்". வெளியே போய் வாந்தி எடுத்தேன்.

மார்ச் 22
வெர்லீனிடம் கத்திவிட்டேன். உன் காலைச் சுட்டவன் துப்பாக்கி விற்று உன் காலைச் சரிசெய்வானா? வெட்கமா இல்ல?

"கேக்கைப் பரிசா வச்சா இருபது டாலர் குடுத்து எவன் சீட்டு வாங்குவான்? நீ நல்லா கோவப்படு. எனக்குக் கால் வேணும்டி."

விற்கச் சொல்லிக் குலுக்கல் சீட்டுக் கட்டை என் மடியில் வைத்தாள்.

மார்ச் 30
மளிகைக்கடை வாசலில் மடக்கு மேசை போட்டுச் சீட்டு விற்றேன். நான்! "டீச்சரும் நம்ம பக்கம் வந்துட்டாங்கடோய்" என்று போகிறவன் வருகிறவன் எல்லாம் கிண்டல். வீட்டுக்கு வந்து கையைக் கழுவினேன். மறுபடியும் கழுவினேன்.

ஏப்ரல் 13, சனி
குலுக்கல். சக்கர நாற்காலியில் இருந்த வெர்லீனையே சீட்டெடுக்க வைத்தார்கள். பிறகு ரைஃபிளை அவள் மடியில், கட்டுப்போட்ட காலுக்கு மேலே கிடத்திப் படம் எடுத்தார்கள். "சிரி வெர்லீன், சிரி!" சிரித்தாள். அருவருப்பு. பணம் சேர்ந்துவிட்டது. இரண்டையும் எழுதி வைக்கிறேன்.

மே 9
மூட்டு வைத்தாயிற்று.

ஜூலை 14, ஞாயிறு
வெர்லீன் ஊன்றுகோலோடு கீழ்க்கூடத்துக்கு வந்துவிட்டாள். பழையபடி மக்ரோனியோடு. கைப்பையை மேசைமேல் வைத்தாள். கனமாக "டொக்" என்றது. அவள் முகத்தைப் பார்த்தேன்.

"ஹாயிட் குடுத்தான்" என்றாள், என்னைப் பார்க்காமல். "புது மாதிரி. கீழ விழுந்தா வெடிக்காதாம். அன்னைக்கு அந்தச் சத்தம் கேட்டதுலேர்ந்து எங்க போனாலும் பயமா இருக்குடி. நீ ஒண்ணும் சொல்லாத."

"குழல் எந்தப் பக்கம் பாத்திருக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

"சுவர் பக்கம்."

அப்படியானால் சரி என்று தட்டை நீட்டினேன்.