நான் இப்படி நினைத்தேன்

செப்டம்பர் 4, திங்கள்

மகளின் கணக்கு நோட்டைப் பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை. 52-இல் 38 போனால் 26 என்று எழுதியிருக்கிறாள். மூன்றாம் வகுப்பு! சரி, தப்பு போகட்டும். அதன் பக்கத்திலேயே டீச்சர் ஒரு நட்சத்திரம் ஒட்டியிருக்கிறார்.

இந்த வருடம் வந்த புது டீச்சரின் ஏற்பாடு. ரப்பர் கூடாது, பேனாதான். தப்பாகப் போட்டால் அதைக் கோடு போட்டு அடிக்கக் கூடாது. சுற்றிக் கட்டம் போட்டு, கீழே 'நான் இப்படி நினைத்தேன்' என்று காரணம் எழுத வேண்டும். சரியாக வந்தாலும் எழுத வேண்டும். இவள் எழுதியிருப்பது: "2-லேருந்து 8 போகாது. ஆனா 8-லேருந்து 2 போகும். அதனால திருப்பிப் போட்டேன்."

கணவரிடம் காட்டினேன். படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "நியாயமாத்தானே பேசறா!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க அறிக்கைகளைச் சரிபார்க்கிறவள் நான். ஒரு புள்ளி இடம் மாறினால் நன்றாக இருப்பவரைப் படுக்க வைத்துவிடும். அங்கே யாரும் நீ எப்படி நினைத்தாய் என்று கேட்பதில்லை.

செப்டம்பர் 5, செவ்வாய்

ஒரே அறிக்கையை மூன்று தடவை பார்த்தேன். 26, 26 என்றே ஓடியது.

செப்டம்பர் 9, சனி

அக்கா போன் செய்தாள். அவள் பையனும் மூன்றாம் வகுப்புதான், வேறு பள்ளி. அங்கே தப்பான கணக்கை இருபது தடவை எழுத வேண்டும். பதினாறாம் வாய்ப்பாட்டைப் போனிலேயே ஒப்பித்தான், மூச்சு விடாமல்.

"உன் பொண்ணு தப்புக்கு நட்சத்திரம் வாங்கறாளாமே? குடுத்து வெச்சவடீ நீ."

போனை வைத்ததும் கணவர் சொன்னார்: "பதினாறு பேருக்கு ஆளுக்கு ரெண்டு மிட்டாய் வாங்கிட்டு வரச் சொல்லு அவனை. அப்புறம் பேசலாம்."

எல்லாம் இவருக்கு விளையாட்டு. நாளைக்கு அவள் பின்தங்கி நின்றால் பள்ளி வாசலில் யார் போய் நிற்பது? நான்தானே.

செப்டம்பர் 11, திங்கள்

ஒரு வழி கண்டுபிடித்தேன். வீட்டுக்கு ஐந்து கணக்கு கொடுக்கிறார்கள். முதலில் அதை என் அலுவலகத்துக் கழிவுத் தாளின் பின்பக்கம் பென்சிலில் போடச் சொன்னேன். தப்பைத் திருத்தினேன். பிறகு நோட்டில் பேனாவால் பார்த்து எழுத வைத்தேன்.

'நான் இப்படி நினைத்தேன்' வந்ததும், "இதுக்கு என்ன எழுத?" என்றாள்.

நானே சொன்னேன். "பத்துகள் இடத்திலிருந்து ஒன்றைக் கடன் வாங்கிக் கழித்தேன்." எழுதிக்கொண்டாள். பக்கம் என்ன அழகாக இருந்தது! ஒரு கட்டம்கூட இல்லை.

செப்டம்பர் 20, புதன்

எட்டு நாளாக ஐந்துக்கு ஐந்து. டீச்சர் அவளை ஜன்னலோர மேசைக்கு மாற்றியிருக்கிறார். வேகமாகப் போடும் பிள்ளைகள் அங்கேதான் உட்காருவார்கள், கடினமான கணக்குகள் கொடுப்பார்கள்.

அக்காவுக்கு நானே போன் செய்து சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மகள் முகத்தில்தான் சிரிப்பைக் காணோம். "சந்தோஷமா இல்லையா குட்டி?" என்றதற்கு, "பழைய மேசைலயே இருக்கட்டுமாம்மா?" என்றாள்.

அக்டோபர் 3, செவ்வாய்

இந்த வாரமும் காலையில் அவளுக்கு வயிற்று வலி. மருத்துவர் அழுத்திப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். என் கூடத்திலேயே ரத்தம் கொடுத்தோம். அறிக்கையை நானே சரிபார்த்தேன். எல்லாம் சரி. எல்லாமே சரியாக இருந்தால் ஏன் வலிக்கிறது?

அக்டோபர் 12, வியாழன்

பள்ளிப் பையைத் துவைக்க எடுத்தேன். உள்துணியில் ஒரு ஓரம் தையல் பிரிந்திருந்தது. விரலை விட்டால் காகிதம். ஒன்று, இரண்டு... பதினொரு துண்டுகள். பட்டாணி அளவுக்குக் கசக்கி வைத்திருந்தாள்.

ஒவ்வொன்றாகப் பிரித்தேன். எல்லாம் வகுப்பில் கொடுத்த கணக்குகள். எல்லாமே தப்பு. ஒவ்வொன்றையும் சுற்றிக் கட்டம் போட்டிருக்கிறாள். கீழே பென்சிலால், எறும்பு எழுத்தில் காரணம்.

81-இல் 46 போக 45 என்று ஒன்று. "கடன் வாங்கினா திருப்பிக் குடுக்கணும். அதனால கடைசில பத்தைக் குடுத்துட்டேன்."

நான் சொல்லிக்கொடுத்த கடன். அர்த்தம் சொல்லாமல் விட்டுவிட்டேன். இவளாகவே ஒரு அர்த்தம் தேடியிருக்கிறாள்! அதைக் கொண்டுபோய் ஒளித்து வைத்திருக்கிறாள் — யாரிடமிருந்து? டீச்சரிடமிருந்தா? அவர்தான் தப்புக்கு நட்சத்திரம் ஒட்டுகிறவராச்சே.

என்கிட்டேருந்துதான். வேற யாரு.

அக்டோபர் 13, வெள்ளி

டீச்சரே கூப்பிட்டு அனுப்பியிருந்தார். என்னைவிடச் சின்னவர். வகுப்பு நோட்டைத் திறந்து காட்டினார். மூன்று வாரமாக வெற்றுப் பக்கங்கள்.

"வீட்டு நோட்டுல ஒரு தப்பு கிடையாது. இங்க பேனா மூடியையே திறக்க மாட்டேங்கறா. பக்கத்துப் பிள்ளை முடிக்கட்டும்னு காத்துட்டே இருக்கா." இன்னொரு வெற்றுப் பக்கத்தைப் புரட்டினார். "முன்னாடியெல்லாம் அவ எங்க தடுமாறுறான்னு படிச்சாலே தெரியும். அங்கேருந்து ஆரம்பிப்பேன். இப்ப எங்கேருந்து ஆரம்பிக்கறதுன்னே தெரியலைங்க."

பதினொரு துண்டுகளும் என் கைப்பையில்தான் இருந்தன. ஜிப் மேல் விரலை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

"வீட்ல நான் கொஞ்சம் உதவி பண்ணுவேன்" என்றேன்.

கொஞ்சமாம்.

துண்டுகளை எடுக்கவில்லை. வாசல் வரை வந்து, திரும்பிப் போகலாமா என்று நின்றேன். போகவில்லை.

அக்டோபர் 16, திங்கள்

பழைய மேசைக்கே மாற்றிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும், "நான் தப்பு பண்ணிட்டேனாம்மா?" என்று கேட்டாள்.

"இல்லடா, அம்மாதான் பண்ணேன்" என்றேன். நம்பவில்லை. அம்மா தப்புச் செய்து அவள் எங்கே பார்த்திருக்கிறாள்?

கழிவுத் தாள் கட்டை அவள் எதிரிலேயே தூக்கிப் போட்டேன். இனிமேல் நேராக நோட்டிலேயே எழுது, தப்பா வந்தாலும் பரவாயில்லை என்றேன். நாற்பது நிமிடம் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள். "நீயே சொல்லிடேன்மா."

அக்டோபர் 18, புதன்

துண்டுகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நான் செய்ததையும் சொன்னேன். டீச்சர் ஒவ்வொன்றையும் மேசைமேல் நீவி நீவிப் படித்தார். 'பத்தைக் குடுத்துட்டேன்' வந்த இடத்தில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"இதை அன்னிக்கே பாத்திருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். திட்டியிருக்கலாம்.

அக்டோபர் 24, செவ்வாய்

இன்று 63-இல் 27. சரியாக 36 என்று போட்டாள். கீழே 'நான் இப்படி நினைத்தேன்' என்று அழகாக எழுதிவிட்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"என்னன்னு எழுதணும்மா?"

"நீ என்ன நினைச்சியோ அதை."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று தேடுவதுபோல.

"நான் ஒண்ணும் நினைக்கலம்மா."

அவள் விளையாடப் போனதும் பையை எடுத்தேன். அந்தத் தையலை நான் இன்னும் தைக்கவில்லை, வேண்டுமென்றேதான். தினமும் பார்க்கிறேன். விரலை விட்டு ஓரம் வரைக்கும் துழாவினேன்.

இன்றைக்கும் ஒரு துண்டுகூட இல்லை.