த்ரீ நாட் த்ரீயும் தம்பியின் புதுத் துப்பாக்கியும்

மார்ச் 28, வெள்ளி

பள்ளிப் பேருந்தைக் கழுவி நிறுத்திவிட்டு வீட்டுக்குள் நுழைந்தால் தம்பி மர்ரியின் போன். கொம்பன் மான்கள் இணை தேடி முழங்கும் பருவம் வந்துவிட்டதல்லவா, இந்த வருஷம் அவனும் மலைக்கு வருகிறானாம். அப்பா போன பிறகு இரண்டு வருஷம் எட்டிப் பார்க்காதவன்.

"புதுசு ஒண்ணு வாங்கியிருக்கேன்க்கா. உன் மியூசியம் சாமானையும் தூக்கிட்டு வா. ரெண்டையும் பக்கத்துல வெச்சு போட்டோ எடுப்போம்."

"மான் விழுந்தப்புறம் எடுக்கலாம்டா" என்றேன்.

நெல்சன் நகரத்தில் கார் பட்டறை வைத்திருப்பவன். எதிலும் புது மாடல் வேண்டும் அவனுக்கு. மியூசியம் சாமான் என்றது அப்பாவின் பழைய த்ரீ நாட் த்ரீ துப்பாக்கியை. உயிலில் வீடு இருவருக்கும் சரிபாதி, துப்பாக்கி எனக்கு. வீட்டைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. துப்பாக்கியைப் பற்றித்தான் இந்த மாதிரி கிண்டல்.

மார்ச் 30, ஞாயிறு

அப்பாவின் துப்பாக்கியில் ஐந்து தோட்டா சுட்டுப் பழகினேன். தோள் கன்றிப்போய் நீலமாகிவிட்டது. உண்மையைச் சொன்னால் இந்தத் துப்பாக்கியை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. இதை இந்த நோட்டில் மட்டும்தான் எழுத முடியும்.

ஏப்ரல் 4, வெள்ளி

ஆற்றோரக் குடில். நான்கு மணி நேர நடை. வந்ததும் மர்ரி பெட்டியைத் திறந்தான். கல்யாணப் பெண்ணைக் காட்டுகிற மாதிரி மெதுவாக.

கறுப்புக் கார்பன் குழல், முனையில் சத்தம் அடக்கி, மேலே தூரத்தைத் தானே அளந்து சொல்லும் தொலைநோக்கி. தூக்கிப் பார்த்தேன். என் துப்பாக்கியில் பாதி எடைகூட இல்லை.

"எப்படி?" என்றான்.

"நல்லாத்தான் இருக்கு. காப்பி போடுமா?"

"சிரி சிரி. நானூறு மீட்டர்ல நிக்கிற மானோட இமை முடியை எண்ணலாம். நீ அதுக்குப் பக்கத்துல போய் வணக்கம் சொல்லிட்டுத்தான் சுடணும்."

அவன் மனைவி தானியா முட்டையும் பேக்கனும் வைத்துச் சுட்டுக் கொடுத்தனுப்பிய அப்பத்தை இருவரும் சண்டை போட்டுத் தின்றோம். பழைய மர்ரி பாதி திரும்பி வந்துவிட்டான். ஆனால் சுவரில் சாய்த்து வைத்த த்ரீ நாட் த்ரீ பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

ஏப்ரல் 5, சனி

மழை. மணல் ஈக்கள் கடித்த கடி. சீட்டாட்டத்தில் அவன் ஏமாற்றினான், நானும்தான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

காலை எட்டரைக்கு எதிர்ச்சரிவில் ஒரு கொம்பன் முழங்கியது. மேகம் விலகியதும் புல்வெளியில் நின்றது — பன்னிரண்டு கிளைக் கொம்பு. மர்ரியின் தொலைநோக்கி முந்நூற்று நாற்பது மீட்டர் என்றது.

"காத்து அடிக்குதுடா. ஆத்தைத் தாண்டிக் கிட்டப் போவோம்" என்றேன்.

"எதுக்கு? கணக்கெல்லாம் இதுவே போட்டுத் தருது."

சுட்டான். மான் குலுங்கியது, விழவில்லை. பின்வயிற்றில் பட்டிருக்க வேண்டும். உடலைக் குறுக்கிக்கொண்டு பீச் மரக் காட்டுக்குள் போய்விட்டது. மர்ரியின் முகம் வெளுத்துவிட்டது. அடிபட்ட மானை விட்டுவிட்டு வருவது எங்கள் வீட்டில் இல்லை.

இடுப்பளவு தண்ணீரில் ஆற்றைக் கடந்தோம். மறுபடி மழை. ரத்தத்தை மழை கழுவக் கழுவ, குளம்புத் தடம் பார்த்து இரண்டு மணி நேரம் தேடினோம். விழுந்து கிடந்த மரத்துக்குப் பின்னால் படுத்திருந்தது. பதினைந்து அடிதான். எழுந்திருக்கப் பார்த்தது.

மர்ரி துப்பாக்கியைத் தூக்கினான், இறக்கினான், தொலைநோக்கியின் கண்ணாடியைத் துடைத்தான், மறுபடி தூக்கினான்.

"ஒண்ணும் தெரியலக்கா. எல்லாம் பனி மூடின மாதிரி இருக்கு. இவ்ளோ கிட்டத்துல வெறும் ரோமம்தான் தெரியுது."

நான் சுட்டிருக்கலாம். ஏனோ த்ரீ நாட் த்ரீயை அவன் கையில் வைத்தேன். "இந்தா."

அவன் கைக்கு அது போன விதம் — கன்னம் தானாகக் கட்டையில் படிந்தது. ஒரே வெடி. மானின் வேதனை முடிந்தது.

அவன் அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டான், துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு. கட்டையைத் தடவிக்கொண்டே கேட்டான்:

"அப்பா ஏன்க்கா இதை எனக்குக் குடுக்கல? நான் என்ன தப்பு பண்ணேன்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை.

"அவர் உனக்குன்னுதான் வெச்சிருந்தார். நான்தான் கேட்டு வாங்கினேன்."

"எதுக்கு? உனக்கு இது பிடிக்கவே பிடிக்காதே."

தெரிந்துதான் வைத்திருக்கிறான்.

"கடைசி ஒரு வருஷம் அவரைக் குளிப்பாட்டினது, சோறு ஊட்டினது எல்லாம் நான். நீ ஞாயித்துக்கிழமை வருவ, அவர் முகம் மலரும். எனக்கு மட்டும்னு ஏதாவது ஒண்ணு வேணும்னு தோணுச்சு."

அவன் எழுந்து கத்தியை எடுத்தான். மானை அறுத்துக் கறியைப் பங்கிட்டோம். த்ரீ நாட் த்ரீயைத் துடைத்து என்னிடம் நீட்டினான்.

ஏப்ரல் 7, திங்கள்

நான்கு மணி நேர நடை. அவன் முன்னால், நான் பின்னால். கார் நிறுத்திய இடத்தில் "வரேன்" என்றான். அவ்வளவுதான்.

ஏப்ரல் 12, சனி

போன் இல்லை. நான் சொல்லாமலே இருந்திருக்கலாமோ? — இல்லை. ரெண்டு வருஷமா அப்பா தன்னை ஒதுக்கிட்டார்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்கான். அதைப் பாத்துக்கிட்டே சும்மா இருந்திருக்கேன் பாரு, நான் என்ன ஜென்மம்.

ஏப்ரல் 19, சனி

ஈஸ்டர் விடுமுறை. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு நெல்சன் போனேன். கதவைத் திறந்த தானியா என்னையும் பெட்டியையும் பார்த்து, "பட்டறையில இருக்காரு. பத்து நாளா ஒரே காரைக் கழட்டி மாட்டிக்கிட்டு இருக்காரு, பாவம் அந்தக் கார்" என்றாள்.

பட்டறைக்குப் போய் அவன் மேஜையில் பெட்டியை வைத்தேன். "மன்னிச்சிடுடா."

கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைத்த கையையே திரும்பத் துடைத்தான்.

"நானும் ஞாயித்துக்கிழமை மட்டும்தானே வந்தேன்" என்றான் கடைசியில். "நீ கேட்டதுல என்ன தப்பு? அவர் வேற எதைத்தான் உனக்குக் குடுத்தாரு?"

பிறகு உள்ளே போய்த் தன் கறுப்புப் பெட்டியைத் தூக்கி வந்தான். "இது எனக்கு ஒத்துவரல. நீ வெச்சுக்க. காப்பி போடாது, இப்பவே சொல்லிட்டேன்."

மே 4, ஞாயிறு

பதிவேட்டில் இரண்டு துப்பாக்கிகளும் கைமாறிவிட்டன. புதியதைச் சுட்டுப் பார்த்தேன். தோளில் பூனைக்குட்டி உரசுகிற மாதிரி இருக்கிறது. ஐந்து தோட்டாவும் உள்ளங்கை அளவு இடத்துக்குள். வெட்கமில்லாமல் இன்னும் ஐந்து சுட்டேன். இருநூறு மீட்டருக்கு மேல் சுடுவதில்லை என்று எனக்கு நானே சட்டம் போட்டிருக்கிறேன்.

மே 24, சனி

மர்ரியும் நானும் இன்று மலைக்குப் போய் வந்தோம். அறுபது அடியில் நின்ற பெண்மானை அவன் தவறவிட்டான். அது நின்று திரும்பிப் பார்த்தது. இரண்டாவது முறையும் தவறவிட்டான். எனக்கு மானே கண்ணில் படவில்லை. இறங்கி வரும் வழியெல்லாம் அந்த மான் எப்படிப் பார்த்தது என்பதையே விதவிதமாகச் சொல்லிக்கொண்டு வந்தான்.

இரவுச் சாப்பாட்டுக்கு நெல்சனில் அவன் வீடு. வெறுங்கையோடு உள்ளே போனோம். அவன் குளிக்கப் போனதும் தானியா அடுப்படியில் என் பக்கம் குனிந்து கேட்டாள்:

"எவ்ளோ பெரிய கொம்பனை அடிச்சாரு அண்ணி? இவரு பாடிக்கிட்டே குளிக்கிறாரு."