வேண்டாம் என்றும் சொல்லலாம்

என் பாப்பாவுக்கு அப்பா சொல்லி எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் வாலுப்பயல் பேரனும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் ஆரம்பிக்கிறேன். எனக்குத்தான் எழுத்து தெரியாதே, பேனா பிடித்திருப்பது உன் அண்ணன். டயாலிசிஸ் மெஷினில் படுத்திருக்கிறான், ஊசி இடது கையில், வலது கை சும்மாதானே இருக்கு, எழுதுடா என்றேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள், தெருவே கேட்கும்.

அண்ணன் பரவாயில்லை. கால் வீக்கம் குறைந்திருக்கிறது. தண்ணீரை அளந்துதான் கொடுக்கிறோம், தாகம் எடுத்தால் ஒரு ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பான், அதைப் பார்க்க முடியாமல் உன் அம்மா அடுப்படிக்குள் போய்விடுவாள். நீ கிட்னி தருகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை. நீ வந்து படுக்க என்று வாசல் பக்கத்து அறையைக் காலி பண்ணி, புது மெத்தை உறை தைத்து, பால்காரர் வரைக்கும் எம்பொண்ணு குடுக்கிறா என்று சொல்லியாகிவிட்டது. அவளைத் தப்பாக நினைக்காதே. பெற்ற வயிறு, இப்போதைக்கு வேறு பக்கம் திரும்பிப் பார்க்கத் தெரியவில்லை.

ஆனால் நான் உன்னைப் பார்க்கிறேன் பாப்பா. பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட்ட அன்று உன் அண்ணன் பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொண்டான். நீ பித்தான் அறுந்த மஞ்சள் சட்டையோடு நர்ஸம்மா முன்னால் போய் நின்று, அவனுக்கும் சேத்து எனக்கே போட்டுருங்க என்று இன்னொரு கையையும் நீட்டினாய். எல்லோரும் சிரித்தார்கள். அன்று சாயங்காலம் உனக்குக் கை வீங்கிக் காய்ச்சல் அடித்தது, வீடோ ஊசிக்குப் பயந்தவனைச் சமாதானம் பண்ணிக்கொண்டிருந்தது. போனில் அம்மா சொல்லி முடிப்பதற்குள் நான் தர்றேம்மா என்று நீ சொன்னபோது எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வந்தது. இப்ப அதெல்லாம் அவசியமாப்பா என்கிறான் உன் அண்ணன். அவசியம்தான், எழுது என்றேன்.

முதலில் நான்தான் தருவதாக இருந்தேன். சர்க்கரை, வயசு என்று தள்ளிவிட்டார்கள். உங்க கிட்னிக்கே இன்னொருத்தர் குடுக்கணும் பெரியவரே என்று டெஸ்ட் எடுக்கிறவர் கிண்டல் பண்ணினார். அதற்கு முன்னால் கவுன்சிலிங் பண்ணுகிற அம்மா ஒருத்தர், உன் அம்மாவை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு, உங்களை யாராவது கட்டாயப்படுத்துறாங்களா என்று கேட்டார். எம்பொண்டாட்டியால என்னை ஒரு மாத்திரை முழுங்க வைக்கவே முடியாதும்மா என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆபரேஷனுக்குக் கூட்டிப்போகிற அன்றைக்குக்கூட மனசு மாறலாம், எங்களிடம் ஒரு வார்த்தை போதும், கொடுக்க ஏற்றவர் இல்லை என்று மட்டும் வீட்டாரிடம் சொல்லுவோம், காரணம் வெளியே போகாது என்றார். உன்னையும் அப்படித் தனியாகக் கூப்பிடுவார். அந்த அறைக்குள் அம்மா முகத்தையோ இவன் முகத்தையோ கொண்டு போகாதே. பயமாக இருந்தால் பயம் என்று சொல். பேரனை நினைத்துத் தயக்கம் என்றால் அதைச் சொல். மாப்பிள்ளை போனில் ஒன்றும் பேசவில்லை, அது உன்னை நினைத்துத்தானே, அவரிடமும் உட்கார்ந்து பேசு. தருவதென்றால் தெம்பாகத் தா, உன் கட்டில் பக்கத்தில் அப்பாதான் உட்கார்ந்திருப்பேன், இவனுக்கு அம்மா இருக்கிறாள். வேண்டாம் என்றால் அதற்கு மேல் நான் கேட்க மாட்டேன், உன் அம்மாவையும் கேட்க விடமாட்டேன். இவன் மெஷினிலேயே இருப்பான், வேறு யாராவது கிடைக்கும்வரை வரிசையில் காத்திருப்போம். அது எனக்கு லேசு என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நீயும் என் பிள்ளைதான்.

இந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. இதை வேற யாரையாவது எழுதச் சொல்லியிருக்கலாமேப்பா என்றான். உனக்குத் தெரியாம உன் தங்கச்சிகிட்ட சொன்னா அது உனக்குப் பண்ற துரோகம்டா என்றேன். பேனாவை மறுபடி எடுத்து, சரி, சொல்லுங்க என்றான்.

டெஸ்டுக்கு முன்னால் தலைவலி மாத்திரை எதையும் நீயாக வாங்கிப் போடாதே, அங்கே டாக்டரைக் கேள். இரண்டு கிட்னியோ ஒன்றோ, நீ நூறு வயசு நல்லாயிருக்கணும்.

எப்போதும் உன் பக்கம் இருக்கும்
அப்பா

பாப்பா, இது அண்ணன். அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதியிருக்கிறேன். ஒரு இடத்தில் மாற்றி எழுதியிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது. மாற்றவில்லை.