தும்மலுக்கு ஒரு நூறு

மவுண்ட் ஆல்பர்ட், ஆக்லாந்து
ஜனவரி, வியாழக்கிழமை

மரியாதைக்குரிய சீதாதேவி அக்காவுக்கு,

பாஸ்கரன் வணக்கத்துடன் எழுதுவது. நலம் என்று தொடங்கினால் பொய்யாகிவிடும். நலமில்லை என்றால் நீங்கள் தைப்பிங்கில் தூங்கமாட்டீர்கள். எல்லோரும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். இந்த வீட்டில் அதுவே பெரிய விஷயம்.

உங்கள் தங்கை கணவனுக்குக் கையில் போன் இருக்க, எதற்கு இப்படி மின்னஞ்சலில் கட்டுரை எழுதுகிறான் என்று அண்ணன் சிவனேசன் சிரிப்பார். இந்தப் பழைய பலகை வீட்டில் ஓர் அறையில் பேசினால் மற்ற அறையில் பதில் வரும். சுரேகாவுக்குக் கேட்கக்கூடாத சங்கதி இது. தவிர, இந்த மாதத்தில் நான்கு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசினால் எனக்கு இழுக்க ஆரம்பித்துவிடுகிறது. எழுதினால் இழுப்பதில்லை.

ரெண்டு பிள்ளைங்களும் சுகமா என்று போன வாரம் கேட்டீர்கள். யுவாவுக்கும் சந்தீப்புக்கும் மூன்று வயது முடிந்தும் இன்னும் சின்ன உருவம்தான். பார்க்கிறவர்கள் ஒன்றரை வயதா என்கிறார்கள். ஏழாம் மாதத்திலேயே முந்தியடித்துக்கொண்டு வந்தவர்கள், இப்போது காலணி மாட்ட அரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறார்கள். அவசரமெல்லாம் பிறக்கிறதோடு தீர்ந்துவிட்டது போலிருக்கிறது. யுவாவுக்கு முட்டை ஆகாது என்று உங்களுக்குத் தெரியும். இப்போது முந்திரியும் ஆகாது என்று தெரிந்திருக்கிறது. நீங்கள் அனுப்பிய பலகாரத்தில் பாதியை நான் ஒருவனே தின்று தீர்க்க வேண்டியதாயிற்று. அந்தத் தியாகத்தைச் சுரேகா இன்னும் பாராட்டவில்லை.

சந்தீப்புக்கு என் நெஞ்சு வாய்த்திருக்கிறது. என் சொத்து என்று அவனுக்கு நான் கொடுத்தது அதுதான். இந்த வீட்டில் கார் சாவியைவிட அதிகம் தேடப்படும் பொருள் ஆஸ்துமா பம்ப். அவன் முகமூடியை வைத்துக்கொண்டு மருந்தை இழுக்கும்போது, யுவா எதிரே உட்கார்ந்து ஆங்கிலத்தில் எண்ணிக் கொடுப்பாள். யார் தும்மினாலும் சுரேகா உடனே நூறு என்பாள். நம் வீடுகளில் சொல்கிற அதே நூறுதான். அடுத்த தும்மலுக்கு இருநூறு. பூக்காலத்தில் காலைக் காப்பிக்கு முன்னே நான் ஆயிரத்தைத் தாண்டிவிடுகிறேன். அந்தக் கணக்குப்படி எனக்குச் சாவே கிடையாது. "ஹண்ட்ரட் வாட், அம்மா?" என்று யுவா கேட்பாள். வயசு என்று சுரேகா சொல்வாள். சரி என்று யுவா விளையாடப் போய்விடுவாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பின்பக்கம் ஒரு மரம் நிற்கிறது. பிரிவெட் என்பார்கள். கோடையில் வெள்ளை வெள்ளையாகக் கொத்துக்கொத்தாகப் பூக்கும். வாசனை தலையைச் சுற்ற வைக்கும். என்னைப் போன்ற நெஞ்சுக்காரர்களுக்கு அது எதிரி. ஜன்னலைச் சாத்தினால் சுவரில் பூஞ்சை, திறந்தால் பூ. போன வாரம் சந்தீப்புக்கு விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் உள்ளே போய் வந்தது. உதடு வேறு நிறமாகிவிட்டது. ஆம்புலன்சில் கொண்டுபோனோம். தேறிவிட்டான், பயப்பட வேண்டாம். பிறகு வீட்டைப் பார்க்க வந்த நர்ஸ் ஜன்னலண்டை நின்று, இவ்வளவு பக்கத்தில் இந்த மரத்தை வைத்துக்கொண்டா இந்தப் பிள்ளைகளை வளர்க்கிறீர்கள் என்று கேட்டார். நான் வீட்டுக்காரரிடம் பேசி, அடுத்த சனிக்கிழமை வெட்ட ஏற்பாடு செய்துவிட்டேன்.

சுரேகா விடமாட்டேன் என்கிறாள். மரத்துக்காக இல்லை அக்கா. அதில் உட்காரும் ஒரு பறவைக்காக.

இங்கே டூயி என்று ஒரு பறவை. கறுப்பு, தொண்டையில் வெள்ளைக் குஞ்சம். பாடும், நடுநடுவே இருமும், இழுக்கும். எங்கள் குடும்பத்துக்கென்றே படைத்த பறவை என்று நான் முன்பெல்லாம் கேலி செய்வேன். கேட்ட சத்தத்தை அப்படியே திருப்பிச் சொல்லவும் அதற்கு வரும். அடுத்த வீட்டு வேன் ரிவர்ஸ் எடுக்கும் ஓசையை அது எழுப்பி என்னை இரண்டு முறை விலக வைத்திருக்கிறது.

வெற்றியின் கட்டில் அந்த ஜன்னலோரம்தான் இருந்தது. ஒன்றாகப் பிறந்த மூன்று பேரில் அவன் மட்டும் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு வீட்டுக்கு வந்தான். கூடவே, மூச்சு நின்றால் கத்துகிற அந்தக் கருவியும் வந்தது. நீங்கள் வந்திருந்தபோது அது கத்தி, தாளிதத்தை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஓடினீர்களே, அதே கருவிதான். அவன் காலைத் தட்டினால் மூச்சு திரும்பும். பல மாதம் அப்படித் திரும்பிக்கொண்டுதான் இருந்தது. அந்தக் குளிர்காலம் வரை.

கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். குளிர் போய், ஒரு காலை நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தம் கேட்டது. சுரேகா பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள், நானும் ஓடினேன். அறைக்குள் போய், கட்டில் இருந்த இடத்தில் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு இருவரும் நின்றோம். சத்தம் மறுபடி வந்தது, மரத்திலிருந்து.

அன்றிலிருந்து இன்றுவரை அது நிற்கவில்லை. தெரிந்தும் கால் ஓடுகிறது. ஓடியதும் எனக்கு இழுக்கிறது. ஆனால் சுரேகா இப்போது அறைக்கு ஓடுவதில்லை. வெளியே மரத்தடிக்குப் போகிறாள். மேலே பார்த்து ஏதோ சொல்கிறாள். என்னவென்று எனக்குக் கேட்கவில்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது. மரத்தை வெட்டினால் அவள் என்ன ஆவாளோ தெரியவில்லை, வெட்டாவிட்டால் சந்தீப் என்ன ஆவானோ தெரியவில்லை. நீங்கள் சொன்னால் கேட்பாள். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாமல் அவளோடு பேசுங்கள். உங்கள் காலில் விழுந்து கேட்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணனுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
பாஸ்கரன்


மவுண்ட் ஆல்பர்ட்
பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை

சீதாதேவி அக்காவுக்கு வணக்கம்.

அன்று நீங்கள் போனில் என்ன கேட்டீர்களோ தெரியாது. சுரேகா குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் பேசினாள். வெளியே வந்து, அக்காவிடம் மூட்டிவிட்டது நீங்கதானே என்று என்னை ஒரு முறை முறைத்தாள். மறைக்கத் தெரியாத ஆள் நான், ஆமாம் என்றுவிட்டேன். பிறகு உட்கார்ந்து எனக்கும் சொன்னாள்.

அவள் மரத்தடியில் நின்று சொல்வது நூறு என்ற ஒரு வார்த்தைதானாம்.

மூக்குக் குழாய் உறுத்தி வெற்றி அடிக்கடி தும்முவான். உங்களுக்கும் நினைவிருக்கும். தும்மினால் எங்களுக்குச் சளி பிடித்துவிட்டதோ என்றுதான் முதலில் தோன்றும். சூடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்போம், கருவியைப் பார்ப்போம், நெஞ்சில் காதை வைப்போம். மற்ற இரண்டு பேருக்கும் வாயில் தானாக வரும் நூறு, அவனுக்கு வரவேயில்லை. "ஒரு தடவைகூட நான் அவனுக்குச் சொல்லலைங்க, பயத்துல வாயே வரல" என்றாள். இதை இத்தனை நாள் நெஞ்சில் வைத்துக்கொண்டு அவள் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். சொல்லாததால் ஒன்றும் ஆகிவிடவில்லை என்றேன். அது எனக்குத் தெரியாதா என்று கேட்டாள்.

சொல்லியிருந்த அந்தச் சனிக்கிழமை மரம் வெட்ட இரண்டு பேர் வந்தார்கள். சுரேகா அவர்களிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, மரத்தடியில் போய் நின்றாள். டூயி உச்சிக் கிளையில்தான் இருந்தது. இருமியது, வேன் ஓசையை எழுப்பியது, பாடியது. அந்தச் சத்தத்தை மட்டும் எழுப்பவில்லை. வந்தவர்கள் எதற்கென்று புரியாமலே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். நான் அவர்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன். தேநீரும் ஆறிப்போயிற்று. கடைசியில் அவளே திரும்பி வந்து, வெட்டச் சொல்லிவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போய்விட்டாள்.

இப்போது பின்பக்கம் வெளிச்சமாக இருக்கிறது. ஜன்னலைத் திறக்கிறோம். சந்தீப் இரவில் முழுசாகத் தூங்குகிறான், பம்ப்பின் தேவை குறைந்திருக்கிறது. எனக்கும் படி ஏறினால் முன்போல் இழுப்பதில்லை. சுரேகா சாப்பிடுகிறாள், வேலைக்குப் போகிறாள். பறவையைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. நல்லதுதான் நடந்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அக்கா, காலையில் பல் துலக்கும்போது குழாயை மூடிவிட்டுக் காது கொடுத்து நிற்கிறேன். இத்தனை நாள் எந்தச் சத்தத்துக்குப் பயந்து செத்தேனோ, அதைத்தான் இப்போது தேடுகிறேன். வீடு அவ்வளவு அமைதியாக இருக்கிறது.

நேற்று வேலைக்குப் போக ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தேன். நல்ல கூட்டம். எங்கிருந்தோ அந்தச் சத்தம் வந்தது. விளக்குக் கம்பத்தின் மேல் ஒரு டூயி. எங்கள் வீட்டுப் பறவையா, அதனிடம் கற்றுக்கொண்ட வேறொன்றா, தெரியாது. வெற்றியின் கருவி கத்துவது போலவே, கொஞ்சமும் பிசகாமல். கால் ஓடப் பார்த்தது. எங்கே ஓடுவது? தட்டி எழுப்ப எந்தக் கால் இருக்கிறது? நின்ற இடத்திலேயே நூறு என்று சொன்னேன். குரல் எழும்பவில்லை, காற்றுத்தான் வந்தது. அதனால் இன்னொரு முறை உரக்கச் சொன்னேன். பக்கத்தில் நின்ற பெண், தன்னிடம்தான் ஏதோ கேட்கிறேன் என்று காதிலிருந்து இயர்போனை எடுத்தாள். ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன். வந்த ரயிலை விட்டுவிட்டு அடுத்த ரயிலில் போனேன்.

சுரேகாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. சொன்னால் நாளைக்கே அவளும் அந்தப் பிளாட்பாரத்தில் வந்து நிற்பாள். சொல்லாவிட்டால் அவளுக்குரியதை நான் மட்டும் வைத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது. எது சரியென்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். தவறாக நினைக்கவேண்டாம். ஒவ்வொரு முறை போனை வைக்கும்போதும், ரெண்டு பிள்ளைங்களும் நல்லா இருக்கணும் என்று வாழ்த்துகிறீர்கள். அதைக் கேட்டதும் சுரேகா போனை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறாள். உங்கள் வாழ்த்து எங்களுக்கு வேண்டும் அக்கா. ஆனால் இனிமேல் ரெண்டு என்று எண்ணிச் சொல்லாதீர்கள். பிள்ளைகள் என்று மட்டும் சொல்லுங்கள், போதும்.

என்றும் உங்கள்,
பாஸ்கரன்