தழும்புக்கு ஏ சான்றிதழ்

12 ஆகஸ்ட் 2025
சென்னையில் தணிக்கைக்காகப் படத்தைப் போட்டுக் காட்டிவிட்டு அரியலூர் திரும்பினேன். பஸ்ஸில் உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போனது. ஒரே காட்சியைப் பிடித்துக்கொண்டார்கள். மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு மனைவியின் தழும்பில் கணவன் கை வைக்கும் காட்சி. அதை எடுத்தால் யுஏ. இல்லையென்றால் ஏ.

"மார்பகம் தெரியுதும்மா" என்றார் ஒருவர்.

"அங்க மார்பகமே இல்லைங்க சார்."

"இருந்த இடம்தானே."

முந்தைய நாள் அவர்களே பார்த்த அரிவாள் படத்துக்கு யுஏ. ரத்தத்தை மட்டும் கொஞ்சம் மங்கலாக்கச் சொன்னார்களாம்.

13 ஆகஸ்ட்
தயாரிப்பாளர் ராஜவேல் அண்ணன் போனில்: "எடுத்துடு மேகலா. ஏ-ன்னா குடும்பம் வராது. டிவிக்காரனும் வாங்க மாட்டான்." குரலில் கோபமில்லை. அவரும் களைத்துவிட்டார்.

15 ஆகஸ்ட்
குரும்பலூர் போனேன். மனைவியாக நடித்த செல்வம்மாள் அக்காவிடம் நானே சொல்ல வேண்டும். படத்தில் இருப்பது மேக்கப் அல்ல, அவருடைய சொந்தத் தழும்பு. தையல் மெஷினை நிறுத்திவிட்டு நான் சொல்வதைக் கேட்டார்.

"அந்த சீனை எடுத்துடலாமாக்கா?"

"டாக்டர் உசுருக்காக எடுத்தாரு. நீ எதுக்கு எடுக்குற?"

அக்காவின் மகள் சுகன்யா டீ கொண்டுவந்தாள். பிளஸ் டூ படிக்கிறாள். ஏ என்றால் இவளே பார்க்க முடியாதே என்றேன்.

"மருந்து வச்சுக் கட்டுனவளே அவதான். அவ பாக்காததா?"

16 ஆகஸ்ட்
ஏ போதும் என்று தணிக்கை அலுவலகத்துக்கு எழுதி அனுப்பிவிட்டேன். ராஜவேல் அண்ணன் போனை எடுக்கவில்லை.

19 செப்டம்பர்
பெரம்பலூரில் ரிலீஸ். சுகன்யாவை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். "பதினெட்டு ஆகலையே பாப்பா." டிக்கெட் கிழிப்பவர் மேல் தப்பில்லை. அவள் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

பக்கத்து ஸ்கிரீனில் அந்த அரிவாள் படம். இடைவேளையில் அப்பா தோளில் இருந்த குழந்தை ஒன்று, கையை ஓங்கி ஓங்கி அவர் கழுத்தில் வெட்டியது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேனோ?

25 செப்டம்பர்
படத்தைத் தூக்கிவிட்டார்கள். மத்தியானம் படுத்துத் தூங்கினேன்.

எழுந்ததும் செல்வம்மாள் அக்கா போன். படம் பார்த்த பூலாம்பாடிப் பெண் ஒருத்தி, விசாரித்து விசாரித்து அவர் வீட்டுக்கே வந்துவிட்டாளாம். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, மார்பில் இருக்கும் கட்டியைக் காட்டினாளாம். புருஷனிடம்கூட இதுவரை சொல்லவில்லையாம்.

"நாளைக்கு திருச்சி ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போறேன். டாக்டர்கிட்ட தனியா பேச எனக்குக் கொஞ்சம் பயமா இருக்கு. நீயும் வரியா?"

"வரேங்க்கா" என்றேன்.