பையில் வளர்ந்த வேர்

மார்ச் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் நலமென்று தம்பி அனுப்பிய படத்திலேயே தெரிகிறது. தொழிற்சாலைக் கழிவு மேடு முழுக்கக் கிலுகிலுப்பைச் செடி, ஒரே மஞ்சள். நடுவில் நீங்கள், மேலாளருக்குக் குடை பிடித்துக்கொண்டு. அந்த மேட்டின் அடியில் தொழிலாளர் வீடுகள் கட்டியிருக்கிறார்களாம். தவழும் குழந்தையோடு தம்பி அடுத்த மாதம் அங்கே குடிபோகிறானாம்.

பூவைப் பார்த்து நான் ஏமாற மாட்டேன். இது பயறு, அவரை இனம். நல்ல மண்ணில் இதன் வேரில் சின்னச் சின்ன முண்டுகள் இருக்கும். நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. மண் கெட்டிருந்தால் முண்டே இருக்காது, இருந்தாலும் உள்ளே வெளுத்துக் கிடக்கும். மேட்டிலிருந்து ஒரு செடியை வேரோடு பிடுங்கி, ஈரத்துணியில் சுற்றி அனுப்புங்கள். பூ வேண்டாம்.

உங்கள் மகள்

---

மார்ச் 15

மகளுக்கு,

மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்ததும் அப்பனையே பரிசோதிக்கக் கிளம்பிவிட்டாய். நீ படித்தது எந்தத் தொழிற்சாலைச் சம்பளத்தில்?

தோட்டக்காரனுக்குச் செடிப் பாடம் எடுக்காதே. இதழ் ஐந்து. நிமிர்ந்து நிற்பது ஒன்று, பக்கத்துக்கு ஒரு இறக்கை, கீழே இரண்டும் ஒட்டிப் படகு மாதிரி. காய் ஊதிக் காய்ந்ததும் விதை உள்ளே உதிர்ந்து கலகலவென்று ஆடும். அதை ஆட்டினால்தான் உன் மருமகன் அழுகையை நிறுத்துகிறான். புல்கூட முளைக்காத மேட்டில் பூக்க வைத்திருக்கிறேன். "உன் கை ராசியான கைப்பா"ன்னு மேலாளரே சொன்னார்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன் தம்பி பெண்டாட்டி சாப்பிடவில்லை. "நாம ஒரு வீட்டுல நிம்மதியா இருந்தா உங்க அக்காவுக்குப் பொறுக்காதா?"ன்னு அவனிடம் சண்டை. கேட்ட வேர் இதோ. பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்.

அப்பா

---

மார்ச் 22

அப்பா,

வேர் வந்தது. கிள்ளினேன். இளஞ்சிவப்பு. என் மேல்தான் தப்பு என்று சந்தோஷத்தில் அழுதேன். மன்னிப்புக் கேட்டு எழுதக் காகிதம்கூட எடுத்துவிட்டேன்.

அப்புறம்தான் மண்ணைக் கழுவினேன். ஆணிவேர் நேராக இறங்கவில்லை. அடியில் வட்டம் வட்டமாகச் சுருண்டிருந்தது. நாற்றுப்பையில், நல்ல வண்டல் மண்ணில் வளர்ந்த வேர். பையைக் கிழித்து அனுப்பியிருக்கிறீர்கள். "பையில சுத்தின வேரை அறுத்துட்டு நடு, இல்லாட்டி ஆயுசுக்கும் சுத்திக்கிட்டேதான் இருக்கும்" என்று என் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். மறந்திருப்பேன் என்று நினைத்தீர்களா?

பொய் வேர் அனுப்புகிறவர் நிஜ வேரைப் பார்த்திருக்கிறார். உள்ளே என்ன நிறம் அப்பா?

மகள்

---

ஏப்ரல் 9

மகளுக்கு,

வெள்ளை. போதுமா?

தம்பி அங்கே போகவில்லை. நான்தான் தடுத்தேன். காரணம் சொல்லவில்லை. ஒரே அறையில் எல்லாரும் கிடக்கிறோம். அவன் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

அந்த வீட்டை லாரி ஓட்டுநருக்குக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு பெண்பிள்ளைகள். "நீங்க விட்டுக்கொடுத்ததாலதாண்ணே எங்களுக்கு வீடு"ன்னு பழம் வாங்கிக்கொண்டு வந்தான். வாங்கி வைத்துக்கொண்டேன். வேறென்ன செய்ய? ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம் இருக்கிறது.

நீ கேட்டது நடந்துவிட்டது. இனி எழுதாதே.

---

ஏப்ரல் 14

அப்பா,

நான் கேட்டது இதுவல்ல.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். உங்கள் வீட்டுக்கு இல்லை, ஓட்டுநர் வீட்டுக்கு. அவர் கண்ணெதிரே மேட்டில் ஒரு செடியைத் தோண்டி முண்டைக் கிள்ளிக் காட்டுவேன். நட்டது யாரென்று கேட்டால் சொல்வேன். தெரிந்துதான் பழத்தை வாங்கிக்கொண்டாரா என்று கேட்டால் அதையும் சொல்வேன். நீங்களே வந்து தோண்டினால் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

உங்கள் மண்வெட்டியைத் தரமாட்டீர்கள் என்று தெரியும். நானே ஒன்று வாங்கிக்கொண்டேன்.

இப்படிக்கு,
நீங்கள் நாற்று நடக் கற்றுக்கொடுத்தவள்