கோயில் வளவுக்குள் ஒரு பைப்பு

சாலோம்புரம்,
தேவதானம் வழி,
14.5.1998

கர்த்தருக்குள் பிரியமான அத்தானுக்குத் தங்கபாய் எழுதுவது. அத்தையும் பிள்ளைகளும் சுகம். பனிமலையில் காவல் நிற்கிற உங்களுக்காகத் தினமும் ஜெபிக்கிறோம். நீங்கள் அனுப்பிய கம்பளி வந்து சேர்ந்தது. இந்தக் கோடையில் அதைப் பார்த்தாலே வேர்க்கிறது. அத்தை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார்கள்.

அத்தை என்னோடு பேசி மூன்று நாளாகிறது. யாரையாவது கொண்டு அவர்கள் உங்களுக்கு எழுதுமுன் நானே எழுதிவிடுகிறேன்.

போன வருஷம் நம் பஞ்சாயத்துக்கு ஒரு அடிபைப்பு வந்தது ஞாபகம் இருக்கும். நீரோட்டம் பார்த்தவர் நம் தெருவும் கீழத்தெருவும் சேருகிற முக்கைத்தான் காட்டினார். கோயில் வளவுக்குள்ளும் தண்ணீர் உண்டு என்றார். அம்மாவுக்கு முழங்கால் வலி, வளவுக்குள் போட்டால் சௌகரியம் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். எனக்கும் அதுதான் ஆசை. பஞ்சாயத்துத் தலைவியாகி நம் தெருவுக்கு என்ன செய்தாய் என்று கேட்டவர்கள் வாயை அடைக்க வேண்டுமே. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பதுபோல வளவுக்குள் போடச் சொல்லிவிட்டேன். யாரிடமும் ஒரு காசு வாங்கவில்லை. அதனால் நீதியாகத்தான் நடக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

திறந்த அன்று உபதேசியார் ராஜரத்தினம் ஐயா பிரதிஷ்டை ஜெபம் பண்ணினார். நியாயம் தண்ணீராய்ப் புரண்டு வரட்டும் என்று தீர்க்கதரிசி சொன்னதை வாசித்தார். எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னது நான்தான். சர்க்கார் பைப்பைப் பிரதிஷ்டை பண்ணலாமா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்றோடு அது கோயில் பைப்பு ஆகிவிட்டது. கீழத்தெருப் பெண்கள் கொஞ்ச நாள் வந்து ஓரமாக நின்று பிடித்தார்கள். நம் பெண்கள் முணுமுணுத்ததும் வரவை நிறுத்திவிட்டுப் பழையபடி தோட்டத்துக் கிணற்றுக்கே போனார்கள். பிறகு, பிள்ளைகள் கைப்பிடியில் தொங்கி உடைக்கிறார்கள் என்று மத்தியானத்தில் வளவு கேட்டைப் பூட்டச் சொன்னார்கள் கோயில் கமிட்டியார். அதற்கும் தலையாட்டினேன். சாவி நம் வீட்டில்தான் தொங்கியது.

போன வாரம் ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். வாசலில் யாரோ, தாயி, தாயி என்று கூப்பிடுவது காதில் விழுந்தது. சாவிக்குத்தான் என்று தெரியும். வெயிலில் எழுந்து போக மனமில்லாமல் கண்ணை மூடிக்கொண்டேன். கூப்பிட்டது கீழத்தெருக் கருத்தம்மா. வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லையாம். நம் வாசலில் பதில் இல்லை என்றதும் அக்கம்பக்கத்தில் கேட்கப் போயிருக்கிறாள். அவள் திரும்புவதற்குள் அவளுடைய மருமகள் வெள்ளைத்தாய் நிறைமாத வயிற்றோடு குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போய்ப் படியில் வழுக்கி விழுந்துவிட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாஸ்பத்திரியில் தாயைக் காப்பாற்றிவிட்டார்கள். பிள்ளை தங்கவில்லை.

நான் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். தலைவி வெறுங்கையோடு போகலாமா. கருத்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாந்தான் தாயி மெதுவாக் கூப்புட்டுட்டேன். அசந்து ஒறங்குவியளேன்னு சத்தம் போடல. செத்த நேரம் நின்னு பாத்திருக்கணும்."

அத்தான், அவள் கூப்பிட்டது எனக்கு நன்றாகக் கேட்டது. இதை நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

அந்தக் காலத்து மூப்பர்கள் பட்டணத்து வாசலில் உட்கார்ந்து நியாயம் விசாரித்ததாக வேதத்தில் படித்திருக்கிறோம். விதவையும் பரதேசியும் யாரையும் எழுப்பாமல் வந்து முறையிடத்தான் வாசலில் உட்கார்ந்தார்கள் என்பது இப்போதுதான் உறைக்கிறது. பரிதானம் வாங்காதே என்று சொன்ன இடத்திலேயே முகதாட்சிணியம் பண்ணாதே என்றும் இருக்கிறது. காசு வாங்காதிருப்பது என்ற சுலபமான பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு, நம் தெருவின் முகத்தைப் பார்த்துவிட்டேன்.

இப்போது பூட்டைக் கழற்றிவிட்டேன். ஆனாலும் கீழத்தெருவிலிருந்து ஒருவரும் உள்ளே வரவில்லை. பைப்பு கீழ்ப்பக்கத்து மதிலை ஒட்டித்தான் நிற்கிறது. அந்த மதிலை இடித்தால் அவர்கள் தெருவிலிருந்தே பிடிக்கலாம். ஆனால் அது மாமா ஞாபகமாக நீங்கள் கட்டிக்கொடுத்த மதில். ஐயாதுரை என்று அவர் பெயரை வெட்டிய கல்லும் அங்கேதான் இருக்கிறது. "ஏட்டி, அவிய பேரை இடிக்கவா ஒன்னைய நாற்காலியில ஏத்துனோம்" என்று அத்தை கேட்டார்கள். அதற்குப் பிறகு பேச்சில்லை. கமிட்டியாரோ, கட்டிய மகன் சம்மதித்தால் சரி என்கிறார்கள். ஆகையால் உங்கள் கையால் நாலு வரி வேண்டும். கல்லைப் பத்திரமாகப் பெயர்த்து வைக்கிறேன். பைப்படியில் பதிக்கலாம், மாமா பெயரைப் பார்த்துக்கொண்டே எல்லோரும் குடம் நிறைக்கட்டும். அத்தைக்கும் தனியாக எழுதுங்கள். அவர்களுக்கு முழங்கால் வலித்தால் நான் தண்ணீர் கொண்டுவந்து தருவேன் என்றும் எழுதுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் கருத்தம்மாவிடம் போய், எனக்குக் கேட்டது என்று சொல்லப்போகிறேன். பிறகு சபையிலும் சொல்வேன். பயமாக இருக்கிறது. ஜெபித்துக்கொள்ளுங்கள்.

காவலில் தூங்கினால் உங்கள் பட்டாளத்தில் தண்டனை உண்டு என்று ஒருமுறை சொன்னீர்கள். இங்கே எனக்கு யாரும் தண்டனை தரவில்லை. போகிற இடமெல்லாம் நாற்காலி போடுகிறார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

உறங்காமல் காக்கிறவர் உங்களைக் காக்கட்டும். இனி யார் கூப்பிட்டாலும் என்னை எழுப்பிவிடட்டும்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
தங்கபாய்